சமையலறைக் குழாயில் ஒரு சுற்று பாக்கி

மதிப்பிற்குரிய குழாய் வேலை வல்லுநர் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் தந்தை எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் நலம். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் உள்ள குழாய் இணைப்பு ஒன்று மட்டும் நலமில்லை. அங்கே உங்கள் நலத்தையும் உங்களோடு இருக்கும் என் மகளின் நலத்தையும் அறிய ஆவல். இதில் என் மகளின் நலம் வாராவாரம் வெள்ளிக்கிழமை எனக்குத் தெரிந்துவிடுகிறது. துணி காயப்போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, கையில் ஒரு துணியும் இல்லாமல், போனை மட்டும் எடுத்துக்கொண்டு என் மனைவி மொட்டை மாடிக்குப் போவாள். முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வருவாள். நான் எதுவும் கேட்கமாட்டேன், அவளும் எதுவும் சொல்லமாட்டாள். அன்றைய சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தால் மகள் நன்றாக இருக்கிறாள் என்று நானே தெரிந்துகொள்வேன். உங்கள் நலத்தை அறியத்தான் எனக்கு வழியில்லாமல் இருந்தது.

இது சமாதானக் கடிதம் அல்ல என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பாதியில் விட்டுப் போன ஒரு வேலையைக் குறித்த புகார் இது. அவ்வளவுதான். என் மனைவி இதைத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, "புகாரே எழுதுங்க, எழுதுறீங்களே அதுவே போதும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆகவே தொடர்கிறேன்.

இரண்டு ஆண்டு நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நீங்கள் எங்கள் தொட்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தீர்கள். உங்கள் கால்கள் இரண்டும்தான் எனக்குத் தெரிந்தன. ஒரே குழாய்க்கு ஒரே மாதத்தில் நான்காவது முறையாக வருகிறீர்களே என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஒரு வாஷர் மாற்ற நான்கு முறை வருகிற ஆள், ஒன்று வேலை தெரியாதவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு வேலையாக வந்தவராக இருக்க வேண்டும். நான் முதலாவது என்று நினைத்து உங்கள் மேல் இரக்கப்பட்டேன். என் மகள் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள். "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "சொல்லு" என்றேன். "நான் இவரைத்தான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்" என்றாள். எவரை என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அறையில் எங்களைத் தவிர அந்த இரண்டு கால்கள்தான் இருந்தன.

அதன் பிறகு நான் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. அதில் சாக்கடை என்ற சொல் மூன்று முறை வந்தது. "எழுந்து வெளியே போ" என்று முடித்தேன். நீங்கள் தொட்டிக்கு அடியிலிருந்து, "சார், இன்னும் ஒரே ஒரு சுத்து இறுக்கணும் சார், இல்லன்னா பின்னாடி கசியும்" என்றீர்கள். "ஒரு சுத்தும் வேணாம், போ" என்றேன். நீங்கள் வெளியே வந்தீர்கள். பையிலிருந்து ஒரு துணியை எடுத்துத் தரையில் சிந்தியிருந்த தண்ணீரை ஒற்றி எடுத்தீர்கள். பிறகு போய்விட்டீர்கள். மறுமாதம் பதிவு அலுவலகத்தில் உங்கள் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. நான் வரவில்லை, என் மனைவியையும் வரவிடவில்லை. ஆக, வேலை பாதியில் நின்றது. நிற்க வைத்தது நான்தான் என்றாலும் விட்டுப் போனது நீங்கள். இதுதான் என் புகாரின் அடிப்படை.

அந்த ஒரு சுற்று இல்லாமலேயே இணைப்பு இரண்டு ஆண்டு தாக்குப்பிடித்தது. போன மாதம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை உயரமான இரும்புச் சட்டத்தின் மேல் தூக்கி வைத்தார்கள். தண்ணீரின் வேகம் கூடியது. மறுநாள் காலையில் இணைப்பின் அடியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நின்று, நான் பார்க்கும்போதுதான் விழுந்தது. ஒரு கிண்ணத்தை வைத்தோம். இரண்டு நாளில் கிண்ணம் போய்ச் சட்டி வந்தது, சட்டி போய் வாளி வந்தது. "தெருமுனையில ஒரு குழாய்க்காரர் இருக்காராம், கூப்பிடவா?" என்றேன். என் மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "வீட்டுக்கு மாப்பிள்ளையே குழாய்க்காரரா இருக்கும்போது வெளியாள் கையால இந்தக் குழாயைத் தொடவிட மாட்டேன். ஊர் சிரிக்கும்" என்றாள். "அப்ப யார் சரி பண்றது?" "அது உங்க பாடு." முப்பத்தாறு வருஷத்தில் இவள் இப்படி ஒற்றைக் காலில் நின்று நான் பார்த்ததில்லை. வாளி நிறையும் போதெல்லாம் என் எதிரிலேயே தூக்கிப் போய்க் கொட்டினாள். ஒவ்வொரு முறையும் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் வலி எதுவும் இல்லை என்று எனக்கும் தெரியும்.

நானே செய்வது என்று முடிவெடுத்தேன். நான் மருத்துவமனையில் முப்பத்தொரு வருஷம் கட்டுப்போடும் அறையில் வேலை பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். விரல் நுனியிலிருந்து தொடை வரை நான் கட்டுப் போடாத இடம் கிடையாது. பெரிய டாக்டரே தன் மகனுக்கு முட்டி பெயர்ந்தபோது வேறு யாரையும் தொடவிடாமல் என்னைத்தான் கூப்பிட்டார். ஒழுகுகிற ஒன்றை நிறுத்துவதற்கு எனக்கு இன்னொருவர் பாடம் எடுக்க வேண்டுமா என்று நினைத்தேன். இரும்புச் சாமான் கடையில் குழாய்க்குச் சுற்றும் டேப் கேட்டேன். வெள்ளையாக, மெல்லியதாக, சிறு உருளையில் சுற்றியிருந்ததைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். பார்த்ததுமே எங்கள் அறைக் கட்டுத்துணிக்குச் சொந்தக்காரன் போலத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து இணைப்பைத் துடைத்து, ஈரம் ஒற்றி, அதன் மேலே இடைவெளி விடாமல், சரிபாதி மேலேறும்படி, எட்டுப் போட்டுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, அழகாக ஒரு கட்டுப் போட்டேன். ஆமாம், மேலேதான். இணைப்பைக் கழற்றாமல், வெளியே. நீங்கள் இப்போது கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரித்து முடித்த பிறகு எடுத்துப் படிக்கவும்.

என் மனைவி, "பரவாயில்லையே, நின்னுடுச்சே" என்று சொல்லி முடிக்கும் வரை நின்றது. பிறகு கட்டின் கீழ் நுனியிலிருந்து வழிந்தது. அதன் மேல் பஞ்சு வைத்து இரண்டாவது கட்டுப் போட்டேன். அது ஊறிப்போய் முன்பைவிட அதிகமாகச் சொட்டியது. அப்போது எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பரணில் என் பழைய பெட்டியில் மாவுக்கட்டுச் சுருள் இரண்டு இருந்தன. நனைத்து, பிழிந்து, குழாய்க்கு ஒரு முழு மாவுக்கட்டுப் போட்டுவிட்டேன். இவள் வந்து பார்த்தாள். "ஏங்க, குழாய்க்குக் கால் ஒடிஞ்சிடுச்சா?" என்றாள். பிறகு, "ஆறு வாரம் கழிச்சுப் பிரிக்கணுமா, இல்ல முன்னாடியே நடக்கவிடலாமா?" என்று கேட்டாள். உண்மையில் அது காய்ந்தும் காயாமலும் மூன்று மணி நேரம் தாங்கியது. பிறகு உள்ளே தேங்கிய தண்ணீர் மாவைக் கரைத்துக்கொண்டு தரை இடுக்கு வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கியது. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார். கையில் குடையை விரித்தபடியே வந்திருந்தார். தலையில் வெள்ளையாகச் சொட்டு மாவு. "எங்க அடுப்படியில பால் சொட்டுது சார்" என்றார். மனிதர் நல்லவர், கோபப்படவில்லை. உள்ளே வந்து மாவுக்கட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மரை கழன்றது குழாய்க்கு மட்டுமா என்று அவர் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் கடைக்காரரிடம் போய் டேப் சரியில்லை என்று சொன்னேன். எங்கே சுற்றினேன் என்று கேட்டார், சொன்னேன். அசடு வழிய நின்றதுதான் மிச்சம். "டேப்பை மேல சுத்தினா ஆயிரம் சுத்துனாலும் நிக்காது பெரியவரே. கழட்டணும். உள்ள இருக்கிற மரையில சுத்தணும். அப்புறம் மாட்டி இறுக்கணும். வெளியில தெரியவே கூடாது" என்றார். கழற்றும் முன் மெயின் வால்வை மூட வேண்டும் என்றும் சொன்னார். மாடியில் இரண்டு வால்வு இருந்தன. ஒன்றை மூடிவிட்டு வந்து, பைப் ரென்ச்சால் இணைப்பைத் திருகிக் கழற்றினேன். நான் மூடியது கீழ்வீட்டு வால்வு. எங்கள் சமையலறையில் தண்ணீர் கூரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதே நேரத்தில் கீழே உடம்பெல்லாம் சோப்போடு நின்ற கீழ்வீட்டுக்காரர், "சார், தண்ணி நின்னுடுச்சு சார்" என்று குரல் கொடுத்தார். என்னிடம் இருந்த தண்ணீரில் பாதி அவருக்குப் போயிருந்தால் இரண்டு குடும்பமும் நிம்மதியாக இருந்திருக்கும். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இவள்தான் நனைந்த சேலையோடு மாடிக்கு ஓடி இரண்டாவது வால்வை மூடினாள்.

பிறகு மரையில் டேப் சுற்றினேன். இறுக்க இறுக்க, டேப் சுருண்டு சுருண்டு வெளியே வந்தது. என் கைப்பழக்கத்தில் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறேன். இதை இவள்தான் கண்டுபிடித்தாள். "நீங்க இந்தப் பக்கம் சுத்துறீங்க, குழாய் அந்தப் பக்கம் திரும்புது. ரெண்டும் ஒரே பக்கம் போனாத்தானே உள்ள நிக்கும்?" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் குழாயைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். மறுபடியும் சரியான பக்கம் சுற்றி மாட்டினேன். நன்றாக இறுக்கினேன். ஒரு சொட்டு இல்லை. அங்கேதான் நான் மறுபடி கெடுத்தேன். கட்டு எவ்வளவு சரியாக இருந்தாலும் ரொம்ப இறுகிவிட்டால் ரத்தம் ஓடாது, ஆகவே கடைசியில் அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும் என்பது எங்கள் அறையின் பாலபாடம். கை தானாக அரைச் சுற்று பின்னால் திருப்பிவிட்டது. உடனே ஒழுக ஆரம்பித்தது. திரும்ப இறுக்கினேன், நிற்கவில்லை. ரென்ச்சோடு தொங்கிப் பார்த்தேன், நிற்கவில்லை.

மூன்றாவது முறையாகக் கடைக்காரர் முன்னால் நின்றேன். இந்த முறை அவர் எனக்கு ஸ்டூல் போட்டார். "இறுக்கினதைப் பின்னாடி திருப்பிட்டீங்கன்னா அது போச்சு பெரியவரே. அப்புறம் எவ்வளவு பலம் கொடுத்தாலும் நிக்காது. முழுசா கழட்டுங்க. பழசு ஒரு நார் இல்லாம சுத்தம் பண்ணுங்க. முதல்லேர்ந்து ஆரம்பிங்க. வேற வழியே இல்ல" என்றார். பழைய இரும்புக் குழாய்க்கு டேப்பைவிடச் சணல் நாரும் பசையும்தான் நல்லது என்று ஒரு பிடி நாரும் கொடுத்தார். நான் அந்த ஸ்டூலில் கொஞ்ச நேரம் கூடுதலாகவே உட்கார்ந்திருந்தேன். அவர் குழாயைப் பற்றித்தான் சொன்னார். நான் வேறு ஒன்றைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமாக நானும் உள்ளே எதையும் கழற்றாமல் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து தரையில் படுத்தேன். இவள் டார்ச் பிடித்தாள். சுவர்ப் பக்கத்து மரையைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷாலும் ஊசியாலும் சுத்தம் செய்தேன். என்னுடைய டேப் கந்தல் கந்தலாக வந்தது. அதற்கு அடியில், மரையின் பள்ளங்களில், நீங்கள் வைத்த நார் இருந்தது. ஒரு பள்ளம் விடாமல், ஒரே கனத்தில், ஒரே பக்கமாக, நுனி மடங்காமல் படிந்திருந்தது. யாரும் பார்க்கப் போகாத இடத்தில் அவ்வளவு ஒழுங்கு. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ பேர் போட்ட கட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். பிரித்ததும் போட்ட ஆள் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரிந்துவிடும். "மாப்பிள்ளைக்கு நல்ல கை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இவள் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுவந்து அந்த நாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னது சொன்னதுதான், மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்ற இந்தச் சொல்லை மேலே முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். வேறு தாள் எடுத்து எழுதலாம் என்றால் உங்கள் அத்தை, "அப்படியே இருக்கட்டும், எங்க ஆரம்பிச்சீங்கன்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்" என்கிறாள்.

அன்று தரையில் படுத்தபடியே அவளிடம் கேட்டேன், "அப்படி நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன், குழாய் வேலைன்னா குழாய் வேலைதானே?" என்று. வீம்புக்குக் கேட்டதுதான். அவள் டார்ச்சை அணைத்தாள். "எங்கப்பா உங்களை முதல்முதல்ல பார்த்தப்ப என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள். எனக்கு இருக்கிறது. அவளே சொன்னாள். "சீழ் துடைக்கிற கை, நல்லாக் கழுவிட்டு உட்காரச் சொல்லுன்னார். நீங்க ரெண்டு தடவை போய்க் கழுவிட்டு வந்து உட்கார்ந்தீங்க. நான் கதவோரம் நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இவரைத்தான் கட்டிக்கணும்னு." இந்தக் கடைசிப் பகுதி எனக்கு முப்பத்தாறு வருஷமாகத் தெரியாது. கையைக் கழுவியது மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்த வலி இன்னும் விரலில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே உங்களை நான் அப்படிப் பேசியிருக்கிறேன். ஒழுகுவதை நிறுத்துவதுதான் உங்கள் பிழைப்பு. என் பிழைப்பும் அதுதான். என்னை மன்னித்துவிடுங்கள், மாப்பிள்ளை. என் மகளிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொல்ல ஆரம்பித்தால் அவள் அழுவாள், அவள் அழுதால் நான் உளறுவேன்.

இப்போது நிலவரம் இது. நாரை நீங்கள் வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்து, அதே பக்கமாக வைத்து, பசை தடவி, மாட்டி, இறுக்கியிருக்கிறேன். பின்னால் திருப்பவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஆனாலும் கசிகிறது. கைக்கடிகாரத்தை வைத்து நாடி பார்ப்பது போல எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்குப் பதினெட்டுச் சொட்டு. என் பலத்துக்கு இதற்கு மேல் ஒரு சுற்று போகவில்லை. தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன். ஆகவே பாதியில் நின்ற வேலையை முடித்துத் தரும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வேறு வீட்டு வேலை இல்லையென்றால், வேண்டிய சாமான்களுடன் வந்து பார்க்கவும். டார்ச் பிடிக்க ஆள் தேவைப்பட்டால், பழக்கப்பட்ட ஆளாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வரவும்.

உங்கள் அத்தை உங்கள் இருவரையும் ரொம்பக் கேட்டதாக எழுதச் சொன்னாள். நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல், வீட்டில் சிரிப்புச் சத்தத்தோடு நெடுநாள் இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். கீழ்வீட்டுக்காரரும் தன் பங்குக்கு விசாரித்தார். நீங்கள் எப்போது வருவீர்கள் என்பதில் அவருக்கு எங்களைவிட அக்கறை அதிகம்.

அன்புடன்,
உங்கள் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன், சொட்டுக் கணக்கைச் சரிபார்த்து எழுதலாம் என்று தொட்டிக்கு அடியில் போய்ப் பார்த்தேன். வாளி காலி. இணைப்பைத் தொட்டேன், காய்ந்திருந்தது. பத்து நிமிடம் கடிகாரமும் கையுமாக உட்கார்ந்திருந்தேன், ஒரு சொட்டுக்கூட இல்லை. நார் தண்ணீரில் ஊறி உப்பித் தானாகவே அடைத்துக்கொண்டிருக்கிறது போல. சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். உங்கள் அத்தையின் முகம் விழுந்துவிட்டது. "இப்ப என்ன சொல்லி அவங்களைக் கூப்பிடுவீங்க?" என்றாள். வேறு காரணம் தேடிக் கடிதத்தை மறுபடி புரட்டினேன். திரும்பிப் பார்த்தால் ரென்ச்சை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறாள். ஓடிப்போய் வாங்கி வைத்துவிட்டேன். ஆகவே மேலே எழுதிய புகாரைக் கண்டுகொள்ள வேண்டாம். குழாய் ஒழுகவில்லை. இங்கே உங்களுக்கு வேலை எதுவும் இல்லை. காரணமும் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சாப்பிடாமல், வெறுங்கையோடு வாருங்கள்.